பதினேழாம் கட்டில் இசக்கி

அக்டோபர் 27, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி எல்லாம் ஈரம். தையல்காரர் கொடுத்தது: ஹெம்மிங் நாலு, ஹூக் வைக்க இரண்டு. மதியத்துக்குமேல் யானை.

இந்த நோட்டு ஜெனியுடையது. ஏழாம் வகுப்பு அறிவியல். முன்னால் பதினோரு பக்கம் பாடம். அதற்குப் பிறகு இரண்டு பக்கம் உல்லன் பொம்மைக் கணக்கு. போனில் இங்கிலீஷில் ஓடுவதைப் பார்த்து எனக்காகத் தமிழில் எழுதினாள். முதல் சுற்று ஆறு கண்ணி, அடுத்த சுற்று ஒரு குழியில் இரண்டு, அப்படி. ஆட்டுக்குட்டி முழுதும் இருக்கிறது. யானை தலைவரைக்கும்தான். "தும்பிக்கை:" என்று எழுதி இரண்டு புள்ளி வைத்திருக்கிறாள். அதற்குமேல் வெறும் தாள். அன்று சாயங்காலம்தான் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் பிள்ளை இல்லை.

மீதித் தாளில் நான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. ர, ற தப்பு வந்தால் திருத்த ஆள் இல்லை.

தும்பிக்கை மூன்று தரம் பிரித்தாயிற்று. பன்றி மூக்கு மாதிரியே வருகிறது.

யாருக்கு என்றும் எழுதி வைக்கிறேன். பெரியாஸ்பத்திரி, பிள்ளைகள் வார்டு, 17ஆம் கட்டில், இசக்கிக்கு.

செப்டம்பரில் முப்பது ஆட்டுக்குட்டி முடித்தேன். மாதாவுக்கு நேர்ந்துகொண்டது. வார்டில் முப்பது கட்டில், எட்டு நாள் இருந்ததில் எண்ணி வைத்திருந்தேன். கட்டிலுக்கு ஒன்று. ஜெனி கட்டில் 17. அந்தப் படியில் இனி என்னால் கால் வைக்க முடியாது என்று இவரிடம் கொடுத்தேன். அரிசிச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் 17இல் யார் என்றுதான் முதலில் கேட்டேன்.

"ஒரு பையன்ளா. இசக்கின்னு பேரு. சீவலப்பேரிக்காரன். கையில கட்டு."

"ஆட்டுக்குட்டியைப் பாத்துட்டு என்ன செஞ்சான்?"

"கக்கத்துல இடுக்கிக்கிட்டு விடமாட்டேன்னுட்டான். யானை செய்யத் தெரியுமான்னு கேட்டான்."

அதனால் யானை.

அக்டோபர் 29, புதன்

மழை இல்லை. புழுக்கம். வாங்கியது: சாம்பல் உல்லன் ஒரு உருண்டை, கறுப்பு நூல். கண்ணுக்குப் பாசிமணி வேண்டாம், சின்னப் பிள்ளைகள் பிய்த்து வாயில் போடும். நூலிலேயே கண்.

உல்லன் கடைப் பெண்: "அக்கா, இந்த வெக்கையில நம்ம ஊர்ல எவ உல்லன் வாங்குதா? உங்க ஒருத்திக்காகத்தான் சரக்கு போடுதேன். நீங்க சென்னைக்கு கின்னைக்கு போயிராதிய."

சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன். பாத்திரக்கடையிலிருந்து வரும் வழியில் வாரம் ஒரு தரம் வார்டில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

"இன்னைக்குப் பாத்தியளா?"

"ம்."

"இன்னுமா அனுப்பல?"

"கால்லயும் ஏதோ இருக்காம்."

"சாப்பிடுதானா?"

"இட்லி தின்னான்."

"எத்தனை?"

"மூணு."

மூன்று இட்லி. ஜெனி கடைசியில் ஒரு வாய்த் தண்ணீர்கூட இறக்கவில்லை. செபமாலையில் இசக்கிக்கு ஒரு பத்து மணி. அவனைப் பெற்றவளுக்கு ஒரு பத்து. இசக்கி என்று அம்மன் பேரை மாதாவிடம் சொல்லலாமா என்று முதலில் யோசனைதான். இவ்வளவு நாளில் பழகிவிட்டது. பெற்றவளுக்கு எல்லாப் பிள்ளையும் பிள்ளைதான்.

அக்டோபர் 31, வெள்ளி

தும்பிக்கை விட்டுக் காது. காதில் எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஆட்டுக்குட்டிக்குக் காது எத்தனை சுற்று என்று ஜெனி எழுதிய இடத்தில் மை கலைந்திருக்கிறது. ஏழா ஒன்பதா, தெரியவில்லை. கேட்க முடியாது. அதனால் இடது காது ஏழு, வலது காது ஒன்பது. முப்பது ஆட்டுக்குட்டிக்கும் அப்படித்தான். யானைக்கும் வலது காது பெரிது.

எழுதாமல் விட்டது ஒன்று. ஒவ்வொரு ஆட்டுக்குட்டியின் நெஞ்சுக்குள்ளும், பஞ்சுக்கு நடுவில், ஜெனியின் யூனிபார்ம் பாவாடைத் துண்டு. நீலக் கட்டம். ஒரு அங்குலம். இவரிடமும் சொல்லவில்லை. மாதாவுக்குத் தெரியும்.

12ஆம் தேதி ஜெனி போய் வருஷம். காலையில் பூசை. அது முடிந்ததும் நானே வார்டுக்குப் போய் யானையைக் கொடுக்கப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன்.

"நீ எதுக்கு? ஒனக்குத்தான் படி ஏற வராதே."

"ஏறிருவேன். அவனுக்காவ ஏறிருவேன்."

"அதுக்குள்ள அவனை அனுப்பிருவாவ."

"அனுப்பினா என்ன. சீவலப்பேரிக்குத்தான் டவுன் பஸ் போகுதே. அட்ரஸ் கேட்டு வையுங்க."

சாப்பிட்ட கையைக் கழுவ எழுந்து போனார். ரொம்ப நேரம் கழுவினார்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்.

வெயில். இன்றைக்கென்று ஒரு துளி மழை இல்லை.

எழுத வருகிறதா பார்க்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். ஜெனியின் இடத்தில் புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, சம்பங்கி மாலை போட்டோம். மெழுகுதிரி காற்றுக்கு நிற்கவில்லை. இவர் கை வைத்து மறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கல்லறை தள்ளி ஒரு குடும்பம். நாலு வயதுப் பெண் பிள்ளை ஒன்று கல்லறைமேல் உட்கார்ந்து பொம்மைக்கு மெழுகுதிரி காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை ஆட்டுக்குட்டி. வலது காது பெரிது.

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. வார்டில் கிடந்த பிள்ளை, சுகமாகி ஓடி விளையாடுகிறது. அப்படித்தான் நினைத்தேன். கிட்டப் போய்க் கன்னத்தைத் தொட்டேன்.

"ஆஸ்பத்திரியில இருந்தியா தங்கம்? இப்ப எல்லாம் சுகமாயிட்டா?"

அதன் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஏக்கா, எதுக்கு ஆஸ்பத்திரி? பிள்ள நல்லாத்தான இருக்கா. இது திசையன்விளையில புதுநன்ம வீட்டுல குடுத்தது. வந்த பிள்ளையளுக்கெல்லாம் குடுத்தாவ."

"யாரு வீட்டுல?"

"செல்வி அக்கா மகளுக்கு. ஷைனிக்கு."

செல்வி என் கூடப்பிறந்த தங்கை. ஷைனிக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை, ஆனது எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் என் பின்னால் பார்த்துச் சிரித்தது. "அண்ணாச்சி, நீங்களா? அன்னைக்குப் பந்தியில பிரியாணி வாளியோட நின்னிய. இவுக உங்க வீட்டு அக்காவா? விசேஷத்துல காணலியே."

திரும்பிப் பார்த்தேன். இவர் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. தளும்பிச் சிந்திக்கொண்டே போனது.

மெழுகுதிரி அணைந்துவிட்டது. திரும்ப ஏற்றவில்லை.

நவம்பர் 3, திங்கள்

தூறல். சோறு வைத்தேன். குழம்பு வைக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு, கடை வேலையாக நாகர்கோவில் என்று போனார். வெள்ளைச் சட்டையில் மசாலாக் கறை. நான்தான் சோப்புப் போட்டுக் கசக்கினேன். போகவே இல்லை. நீலம் போட்டுக் காயவைத்தேன்.

செல்விக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அழுதாள். அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. இவர் சொல்லியிருப்பார்.

"அக்கா, நான் கூப்பிடணும்னுதான் இருந்தேன். எங்க மாமியாதான் ஒத்த கால்ல நின்னாவ. துக்கம் வருசம் கழியலன்னு. அவ வந்து பிள்ளைக்கு நெத்தியில சிலுவை போட்டா நல்லாருக்காதுன்னு."

"என் கை ஆகாது. என் கை செஞ்சது ஆகுமோ?"

"கொடுக்கச் சொல்லி வச்சிருந்த சாமான் வரலக்கா. நாள் நெருங்கிட்டு. அத்தான்கிட்ட சும்மாதான் சொன்னேன். அவுகளே சாக்கைக் கொண்டாந்து இறக்கிட்டாவ."

"நேர்ந்ததுன்னு தெரியுமா ஒனக்கு? தெரியுமா செல்வி?"

"ஆட்டுக்குட்டி புதுநன்மைக்குப் பொருத்தமா இருக்கேன்னுட்டேன்க்கா."

நாக்கு நுனியில் இருந்தது. உன் வீட்டு விசேஷத்துக்கு வந்த முப்பது பிள்ளை கையிலும் செத்த பிள்ளையின் பாவாடை இருக்கிறது, போய் உன் மாமியாரிடம் சொல் என்று. ஒரு வார்த்தை போதும். அந்த அம்மா வீடு வீடாகப் போய்ப் பொம்மையைப் பிடுங்கி வந்து எரித்துவிடும்.

எரித்தால் எரிவது ஜெனி பாவாடை.

சொல்லவில்லை. போனை வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

நல்ல மழை. வாசலில் கணுக்கால் தண்ணீர். இவர் கடைக்குப் போகவில்லை. மூன்று நாளாகப் பேச்சு இல்லை. வட்டில் வைப்பேன், எடுப்பேன். இன்றைக்கு அடுக்களை நடைப்படியில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன். பின்னால் மாற்றிச் சொன்னால் தெரியட்டும்.

"சாக்கைத் தூக்கிக்கிட்டு நேரா அங்கதான் போனேன். படிகிட்ட போயிட்டேன். அந்த பினாயில் வாடை. காலு வரல. வாட்ச்மேன் வந்து, யாரைப் பாக்கணும் அண்ணாச்சின்னான். யாரைன்னு சொல்ல? அப்படியே வெளியே வந்து டீக்கடையில இருந்தேன். அப்பதான் செல்வி போன்."

"அப்ப என்கிட்ட சொல்லிருக்கலாம்லா."

"எப்படிச் சொல்ல? நீ வாசல்லயே நின்ன. உள்ள வரதுக்குள்ள 17ல யாருன்னு கேட்ட."

"இசக்கி?"

"வாயில வந்த பேரு."

"சீவலப்பேரி?"

"அந்த பஸ் அப்பத்தான் போச்சு."

"மூணு இட்லி?"

இவர் அழுதார். "யானை கேட்டான்னு சொன்னதும் நீ சிரிச்சிட்டளா. பிள்ள போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்ச. எப்படி நிப்பாட்ட?"

அழட்டும். நான் அழவில்லை. என்னாலும் படி ஏற முடியாது, அவராலும் முடியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் அந்தச் சாக்கை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் என்ன செய்தார், தங்கை வீட்டில் போய்ப் பிரியாணி பரிமாறினார்.

பொம்மை போனது போகட்டும். அதுவும் பிள்ளைகள் கைக்குத்தான் போயிருக்கிறது. ஒன்றரை மாதம். தினம் செபமாலையில் இருபது மணி. வலிக்கக் கூடாது, கட்டுப் பிரிக்கும்போது அழக் கூடாது, ராத்திரி தூங்க வேண்டும் என்று. மாதா கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள். இப்படி ஒரு பிள்ளை இல்லையடி என்று அவளும் சொல்லவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ஹெம்மிங் மூன்று. கொத்தமல்லி இல்லை. செபமாலை எடுத்தேன், இசக்கி என்று வாய் தானாக வந்தது. வைத்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

யானையைப் பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உல்லன் பொம்மை பிரிப்பது லேசு. முடிந்த இடத்தில் வெட்டி இழுத்தால் சுற்றுச் சுற்றாகக் கழன்று வரும். தும்பிக்கை முழுதும் கழன்றது. காது இரண்டும் கழன்றது. தலை வந்ததும் கை நின்றுவிட்டது. தலை ஜெனி எழுதிய கணக்கு. அதை என்னால் இழுக்க முடியாது.

மொட்டைத் தலையாக இருக்கிறது. ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

இவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திட்டலாம் என்று காத்திருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தபோது வாசலில் செல்வி. கையில் பழம், மஸ்கோத் அல்வா, ஒரு பை. பையில் ஷைனியின் ஆட்டுக்குட்டி. நாய்க்குட்டி கடித்து நெஞ்சுத் தையல் விட்டிருக்கிறது.

"புள்ள ஒரே அழுகை. நீ பேசாட்டாலும் பரவால்லக்கா. இதை மட்டும் தச்சுக் குடு."

வாங்கிப் பார்த்தேன். பஞ்சுக்கு நடுவில் நீலக் கட்டம் எட்டிப் பார்த்தது. அவளும் பார்த்தாள்.

"உள்ள என்னக்கா துணி?"

"பஞ்சு காணல. ஏதோ கெடந்த துணியை வச்சேன்."

யோசிக்கவே இல்லை. வாயில் வந்தது. பொய் இவ்வளவு லேசாக வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இவருக்கும் இப்படித்தான் வந்திருக்கும். தெரிந்துகொண்டேன். அதற்காக ஆறிவிட்டது என்று இல்லை.

துணியை விரலால் உள்ளே தள்ளித் தைத்துக் கொடுத்தேன். இரட்டை முடிச்சு. செல்வி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாவாடைத் துணி போன வருஷம் அவள் எடுத்துத் தந்தது. ஞாபகம் வந்ததோ என்னவோ. போகும்போது ஆட்டுக்குட்டியைப் பையில் போடவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள்.

"12ஆம் தேதி பூசைக்கு வரட்டுமாக்கா?"

"கோவில் எல்லாருக்கும் பொதுதான."

அல்வாவை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. யானைக்குத் திரும்பவும் தும்பிக்கை. யாருக்கு என்று தெரியாது. தலையோடு மொட்டையாக நிற்பதைப் பார்க்க முடியவில்லை, அதனால் போட்டேன். பதினெட்டுச் சுற்று. இந்த முறை கொஞ்சம் யானை மாதிரி இருக்கிறது. காது இடது ஏழு, வலது ஒன்பது. நெஞ்சில் துணி வைக்க வேண்டும். பாவாடை தீர்ந்துவிட்டது, இடுப்புப் பட்டைதான் மீதி. அதில் பாதி வெட்டினேன்.

நவம்பர் 12, புதன்

ஜெனி போய் ஒரு வருஷம்.

பூசை. செல்வி பின்வரிசையில். முடிந்ததும் இவர் "வீட்டுக்குப் போவமா" என்றார். நான் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. யானை பையில் இருந்தது.

படி பதினான்கு. பினாயில் வாடை இருக்கத்தான் செய்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இரண்டு இடத்தில் நின்றேன். ஒரு கிழவர் "பைய ஏறு தாயீ, ஆருக்கு முடியல?" என்றார். மீதிப் படியை ஏறினேன்.

வார்டு வாசலில் நர்ஸ். புதுப் பிள்ளை, எனக்குத் தெரியாத முகம். "யாரைப் பாக்கணும்மா?"

இவருக்கு வராத பதில். எனக்கு வந்துவிட்டது. "இசக்கியை" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அந்தப் பெண் நோட்டைக்கூடப் பார்க்கவில்லை. "எந்த இசக்கி? நாலுல இசக்கிராஜா, ஒம்பதுல இசக்கியம்மா, இருபத்திரண்டுல இசக்கிமுத்து. மூணு இசக்கி இருக்கு."

சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டேன். பின்னே, இந்த ஊரில் இசக்கி இல்லாத வார்டு ஏது. வாயில் வந்த பேர் என்றார், ஊருக்கே வாயில் வருகிற பேர்.

"சீவலப்பேரிப் பையன்" என்று கேட்டுப் பார்த்தேன். மூன்று பேரில் ஒருவர்கூட இல்லை.

17ஐப் பார்த்தேன். கைப்பிள்ளை ஒன்று. தாய் காலை நீட்டித் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள். வேறு விரிப்பு. அவ்வளவுதான். விழுந்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன், விழவில்லை.

முதலில் நாலு. இசக்கிராஜாவுக்கு ஆறு வயது இருக்கும். காலில் மாவுக்கட்டு. யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது பன்னியா?"

"யானை."

"யானைன்னா குடுங்க. பன்னின்னா வேண்டாம்."

அவன் அம்மா தலையில் தட்டினாள். "ஏலே, வாங்குத வாயைப் பாரு." பிறகு என்னிடம், "எங்க இருந்து வாரிய? எம் புள்ளய தெரியுமா?"

"செபத்துல தெரியும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

ஒன்பதாம் கட்டிலிலிருந்து இசக்கியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கையை மட்டும் நீட்டினாள். என்னிடம் ஒரு யானைதான் இருந்தது.

நாலு நாளில் வருகிறேன் என்று சொன்னேன். அது தலையாட்டியது. நம்பியதா என்று தெரியவில்லை.

இறங்கும்போது இவர் கீழே, முதல் படிக்கு இந்தப் பக்கம் நின்றார். பின்னாலேயே வந்திருக்கிறார். தாண்டிப் போய் பஸ்ஸில் ஏறினேன். வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

நவம்பர் 13, வியாழன்

மேகம். உல்லன் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். சாம்பல் இரண்டு யானைக்குக் காணாது. 22க்கு மீதிச் சாம்பல், இசக்கியம்மாவுக்கு ரோஸ் யானை. யார் கேட்கப்போகிறார்கள்.

எட்டு நாளுக்குப் பிறகு இவரிடம் பேசினேன். மன்னித்ததால் இல்லை. வேலை இருக்கிறது, அதனால்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு யானை ரெடியாயிரும். நீங்கதான் கொண்டு குடுக்கணும்."

"நானா?"

"படி பதினாலு. எண்ணிட்டேன். சுவத்தைப் பிடிச்சிக்கிட்டா ஏறலாம்."

நோட்டையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினேன். கட்டில் நம்பரையும் பேரையும் அவர் கையாலேயே எழுத வைத்தேன். எழுத்துக் கோணிக்கொண்டு போனது. பார்த்துக்கொண்டிருந்தேன், உதவவில்லை.

9 இசக்கியம்மா.
22 இசக்கிமுத்து.

"அவ எத்தனை இட்லி தின்னான்னு கேட்டுட்டு வரணும். பாத்துட்டு வந்து சொல்லணும்."

"சரி."

"மூணுன்னு சொல்லப்பிடாது."

ரோஸ் நூல் வாங்கியாயிற்று. முதல் சுற்று ஆறு. அடுத்தது ஒரு குழியில் இரண்டு